கவிழ்க்காத டம்ளர்

தொலைபேசி அடித்தபோது நர்ஸம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மந்திரிசபைக் கூட்டம் மத்தியானம் இல்லையாம், இப்போதே வர வேண்டுமாம். எதற்கு என்று கேட்பதற்குள் எதிர்முனை வைத்துவிட்டது.

ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டாள்.

"என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. அவளுடைய கணவர். கழுவுதொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்தான்.

"கூட்டமாம். உடனே வரணுமாம்."

"அப்ப அதேதான்." ஸ்பானர் தரையில் விழுந்தது. "ரேடியோ நிலையத்து மைக் வண்டி காலையிலேயே தலைவர் மாளிகைக்குள்ள போயிருக்காம். பால்காரன் சொன்னான். உங்க அண்ணன் மறுபடியும் போறேன்னு சொல்லப் போறாரு."

"உளறாதீங்க."

"சொன்னா நீ என்ன பண்ணுவே?"

தொட்டிக்கு அடியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. நெற்றியில் கரி.

"நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா? நான் குழாய் ரிப்பேர்காரன்" என்று மறுபடி உள்ளே போய்விட்டார் வாத்தியார்.

காரில் போகும்போது அந்தக் கேள்வி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

ஊருக்குத்தான் அண்ணன் தலைவர். கூட இருந்தவர்களுக்கு என்றைக்கும் மேஸ்திரி, அவளுக்குக் கூடப் பிறக்காத அண்ணன். செங்கல் அடுக்கிய கை ஒரு நாட்டையே அடுக்கியது என்று பள்ளிப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. எழுதியவர் வாத்தியார். பிறகு வாத்தியாரை எடுத்துவிட்டார்கள். பாடத்தை வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதை டம்ளரில் தொடங்கியது.

பழைய ஆட்சி அவர்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், மேஸ்திரி, வாத்தியார், நர்ஸம்மா, துண்டுப் பிரசுரம் அடித்த அச்சுக்காரர் என்று எல்லோரும் ஒரு சலவைக் கடையின் பின்கட்டில்தான் பதுங்கியிருந்தார்கள். சுவர் மெல்லியது. வாடிக்கையாளர்கள் வந்துபோகும் இடம். வாய்விட்டு விவாதிக்க முடியாது. அதனால் மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோருக்கும் டீ வரும். மேஸ்திரி தாழ்ந்த குரலில் திட்டத்தைச் சொல்வார். சம்மதம் என்றால் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை நிமிர்த்தி வைக்க வேண்டும். சம்மதம் இல்லை என்றால் கவிழ்த்து வைக்க வேண்டும், துவைத்த துணி மூட்டை மேல், சத்தமில்லாமல்.

ஒருமுறை மேஸ்திரி நானே போய்ச் சரணடைகிறேன், உங்களையாவது விடுவார்கள் என்றார். அத்தனை டம்ளரும் கவிழ்ந்தன. அன்றைக்குத்தான் அந்த விதியைப் போட்டார்கள்: நம்மில் ஒருவராவது டம்ளரை நிமிர்த்தி வைத்தால் ஒழிய மேஸ்திரி எங்கேயும் போகக் கூடாது. பாசத்தில் போட்ட விதி. நாடு கைக்கு வந்ததும் அதை அப்படியே சட்டத்திலும் எழுதினார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மாளிகையில், மேஸ்திரி ஒரு நாள் சோர்வாக உட்கார்ந்து, "போதும்ப்பா, நான் போறேன்" என்றார். எல்லோரும் பதறிக் கவிழ்த்தார்கள். கல்வி மந்திரியாக இருந்த வாத்தியார் மட்டும் டம்ளரை நிமிர்த்தி வைத்து, "போய் நிம்மதியா இரு மேஸ்திரி, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"யோசிச்சு சொல்லு வாத்தியாரே" என்றார் மேஸ்திரி.

"யோசிச்சுத்தான்."

மேஸ்திரி சிரித்தார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே வாத்தியார் பதவி போய் வீட்டில் உட்கார்ந்தார். மாலைப் பள்ளியில்கூட யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிகள் பாதியில் நிற்கின்றன, நீயாவது இரு என்று அவர் சொல்லித்தான் நர்ஸம்மா சுகாதார மந்திரியாகத் தொடர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த மேசையில் எதற்கும் அவள் வாயைத் திறந்ததில்லை.

கூட்ட அறையில் மேசை மேல் அதே பழைய வழக்கத்துக்காகத் தடித்த துணி விரித்திருந்தது. மற்ற மந்திரிகள் ஐந்து பேரும் வந்துவிட்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு வலது பக்கம் பாதுகாப்பு மந்திரி. மேஸ்திரியின் மகளைக் கட்டியவன் என்பதால் நாட்டுக்கே அவன் மாப்பிள்ளைதான். அவன் சொல்வதற்கு மாமனார் தலையாட்டும் வரை எல்லாம் அவன் கையில்.

"வாங்க நர்ஸம்மா. உடம்பு சௌக்கியமா? பையன் டாக்டருக்குப் படிக்கிறானே, கடைசி வருஷம்தானே?" என்றான்.

"ஆமா."

"நல்லபடியா முடிக்கட்டும்."

சாதாரண விசாரிப்புதான். ஆனால் மாப்பிள்ளை யாரையும் சும்மா விசாரிப்பதில்லை.

டீ வந்தது. மேஸ்திரி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் துணியில் சிந்தியது. ஆறு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஒரே விஷயம்தான்" என்றார் மேஸ்திரி. "நான் போறேன்."

மாப்பிள்ளைதான் முதலில் விழித்துக்கொண்டான். "ஐயோ மாமா!" என்று கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, நாக்கு வெந்த வேதனையோடு டம்ளரைக் கவிழ்த்தான். அவ்வளவுதான், பந்தயம் ஆரம்பமாகிவிட்டது. துறைமுக மந்திரி கவிழ்த்தார். ரயில்வே கவிழ்த்தார். விவசாய மந்திரி அவசரத்தில் பாதி டீயோடு கவிழ்க்க, துணியெல்லாம் நனைந்தது. நிதி மந்திரி கவிழ்த்ததோடு நிற்காமல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"எங்களை அநாதையா விட்டுட்டுப் போறீங்களா தலைவரே?"

"உனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. நீ அநாதையா?" என்றார் மேஸ்திரி.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

மேஸ்திரி கவிழ்ந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எத்தனை வருஷமா இந்த மேசையில ஒரு டம்ளர் கவிழல. சுரங்கப் பாதை தோண்டலாம்னேன். தோண்டி, இடிஞ்சு, ஆளுங்க செத்தாங்க. அதுக்கும் யாரும் கவிழ்க்கல. இன்னைக்குத்தான் கவிழ்த்திருக்கீங்க. அதுவும் என்னைச் சந்தோஷப்படுத்தணும்னு."

"மாமா, அப்படியெல்லாம்..."

"இரு. போன வாரம் அணை விஷயம் பேசினோமே. அச்சுக்காரன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்கன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"மறுநாள் நீ வந்து என்ன சொன்னே?"

மாப்பிள்ளை நனைந்த துணியை இழுத்துச் சரிசெய்தான்.

"நான் சொல்றேன். 'அச்சுக்காரர் அண்ணனும் சரின்னுட்டாரு மாமா'ன்னே. எனக்கு மனசு குளுந்துடுச்சு. சாப்பிடும்போது வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், அச்சுக்காரன் ஒத்துக்கிட்டான்டின்னு. அவ கையில இருந்த கரண்டியைப் போட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டா. ஏன்டி அழறேன்னேன். அச்சுக்காரன் செத்து மூணு மாசமாகுது, நீங்கதானே பாடையைத் தூக்கினீங்கன்னா."

மேஸ்திரி தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அந்தப் பாரம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"நான் மறந்தது இருக்கட்டும். வயசாச்சு, மறக்கும். நீங்க இத்தனை பேர் இருந்தீங்க. செத்தவன்கிட்ட கேளுன்னு சொன்னேன், கேட்டுட்டேன்னு பதில் வந்துச்சு. அணைக்கு வேலையும் ஆரம்பிச்சாச்சு!"

அப்போதுதான் நிதி மந்திரியின் பார்வை மேசையின் கோடிக்குப் போனது. பின்னாலேயே மற்ற பார்வைகளும் போயின.

நர்ஸம்மாவின் டம்ளர் நிமிர்ந்து நின்றது. டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து.

மாப்பிள்ளை சட்டென்று சிரித்தான். "அம்மா இன்னும் குடிக்கவே இல்லை மாமா. அதிர்ச்சியில கை ஓடியிருக்காது. குடிங்க நர்ஸம்மா, குடிச்சுட்டுக் கவிழ்த்து வைங்க."

அழகாகப் பூசி மெழுகி ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டான். அதன் வழியாக அவள் போய்விடலாம். கவிழ்த்துவிட்டால் மைக் வண்டி வந்த வழியே திரும்பும். மகன் கடைசி வருடத்தை முடிப்பான். வாத்தியார் குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருப்பார். அடுத்த வாரம் மேஸ்திரி இன்னொரு செத்தவரிடம் கேட்கச் சொல்வார்.

ஒருவேளை இதுவும் விளையாட்டா? அச்சுக்காரர் கதை, மைக் வண்டி எல்லாமே நாடகமா? அவள் மேஸ்திரியின் கண்ணைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

டம்ளரை எடுத்தாள். ஆறிப்போன டீயை ஆடையோடு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். யாரும் தப்பாக நினைக்க இடம் இருக்கக் கூடாது. காலி டம்ளரைத் துணி மேல் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மேஸ்திரியின் நெற்றி நரம்பு புடைத்தது. அவள் பார்த்தாள். கண்டிப்பாகப் பார்த்தாள். போகிறேன் என்று சொன்ன மனிதருக்கு, போ என்றதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோசிச்சு சொல்லு, தங்கச்சி."

அதே வார்த்தை, அதே இழுப்பு. நிதி மந்திரி நாற்காலியை அவளிடமிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"யோசிச்சுத்தான் அண்ணே." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அச்சுக்காரர் அண்ணன் மூச்சு நின்னப்ப பக்கத்துல இருந்தது நான். அவர் கண்ணை மூடிவிட்டது இந்தக் கை. நீங்க அவர்கிட்ட கேளுங்கன்னப்பவும் இதே நாற்காலியிலதான் இருந்தேன். அப்பவும் என் வாய் திறக்கல. இத்தனை வருஷம் உங்ககூட இருந்த எனக்கே வாய் திறக்கலைன்னா, நீங்க அந்த இடத்துல உக்காந்திருக்கக் கூடாது."

மேஸ்திரி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு இறங்க வெகு நேரம் ஆனது. அவர் அந்தக் கோபத்தோடு மல்லுக்கு நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"அன்னைக்கும் நான் நிஜமாத்தான் போறேன்னேன்" என்றார் கடைசியில். "உன் வீட்டுக்காரன் சரின்னதும் பொறுக்கல. இன்னைக்கும் பொறுக்கலதான்."

"மாமா, ஒரு டம்ளரை வச்சு..." என்று மாப்பிள்ளை எழுந்தான்.

"உக்காருடா. ஒண்ணு போதும்னுதான் சட்டம். மைக்கைக் கொண்டு வரச் சொல்லுங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த அறையில் மேஸ்திரி சொல்லி நடக்காமல் போன முதல் வேலை அதுதான். நர்ஸம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து ஆளைக் கூப்பிட்டாள்.

மேஸ்திரி எழுதிவைத்துப் படிக்கவில்லை.

"நான் மேஸ்திரி பேசறேன். இன்னையோட விலகிக்கறேன். கூட இருக்கறவங்கள்ல ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்க. அடுத்தது யாருன்னு மக்கள் சபை கூடி முடிவு பண்ணட்டும். என்னை மறுபடி வாங்கன்னு கூப்பிடாதீங்க. கூப்பிட்டா வந்துருவேன். அந்த அளவுக்குத்தான் நான் நல்லவன்."

மைக்கை அணைத்தார்கள். மேஸ்திரி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். வாசல் வரை போன நர்ஸம்மா எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். மேசை மேல் கவிழ்ந்திருந்த ஐந்து டம்ளர்களும் நிமிர்ந்து நின்றன. எப்போது நிமிர்ந்தன என்று தெரியவில்லை. தடித்த துணி, சத்தம் கேட்காது.

வெளியே வெயில். கார் வந்து நின்றது. வேண்டாம் என்று கையாட்டினார் மேஸ்திரி.

"வாத்தியார் வீட்லதான் இருக்கானா?"

"இருக்கார். குழாய் ஒழுகுது, அதைப் பாத்துக்கிட்டிருக்கார்."

"உள்ள விடுவானா?"

"தெரியல அண்ணே."

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, நடந்தே போவோம். எனக்கு வழி தெரியும்."

கேட்டைத் தாண்டினார். காவலர்கள் நாலு பேர் வழக்கம்போல் பின்னால் வந்தார்கள். முதல் முனையில் மேஸ்திரி இடது பக்கம் திரும்பினார். பழைய சலவைக் கடைக்குப் போகும் சந்து அது. கடையை இடித்து, சந்தின் கடைசியில் சுவர் எழுப்பி வருடக்கணக்காகிறது. காவலர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் நாலு பேரும் மறுபேச்சில்லாமல் இடது பக்கமே திரும்பினார்கள். சுவர் வரை போய் முட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

நர்ஸம்மா முனையிலேயே நின்றுவிட்டாள்.

"தப்பு அண்ணே. அந்தப் பக்கம் வழி இல்லை."

மேஸ்திரி சட்டென்று நின்றார். முதுகு விறைத்தது. காவலர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவர் மெல்லத் திரும்பி, அவள் முகத்தையும் அவள் காட்டிய திசையையும் பார்த்தார்.

பிறகு அவள் பக்கமாக நடந்து வந்தார்.