மறுக்க ஆளில்லாத வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு பேராசிரியையின் சலிப்பிலிருந்து வந்தது. போடியில் இருந்தபடி தபால்வழியில் தமிழ் எம்.ஏ. படிக்கும் முஸ்கானின் கட்டுரையை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். 'உங்கள் மைய வாதத்தை மறுக்க ஒருவர்கூட இல்லை. அப்படியானால் அது வாதமே இல்லை.'

பாடத்தில் இருந்த ஒரு சிறுகதையைப் பற்றி முஸ்கான் எழுதியிருந்தது: 'காத்திருக்கும் பெண்ணின் பொறுமையை இக்கதை காட்டுகிறது.'

(கட்டுரை எழுதுவதைப் பற்றியெல்லாம் யார் கதை படிப்பார்கள் என்று எனக்கும் அலுப்புதான்.)

2

போடிமெட்டிலிருந்து இறங்கிய மேகம்... வேண்டாம். மேகம் இல்லாமலே சொல்லிவிடலாம்.

அவள் கணவன் ராஜா முகம்மது ஏலக்காய் வியாபாரி. வாரத்தில் பாதி மலையிலேயே போய்விடும். கடை, சமையல், மாமியாரின் மருந்து எல்லாம் முஸ்கான் தலையில். மிச்சமிருந்தால் படிப்பு.

பாடத்தில் இருந்த கதையிலும் ஒருவன் மலைக்குப் போகிறான். மனைவி தினமும் அவனுக்குச் சோறு எடுத்துவைக்கிறாள். அவன் வருவதில்லை. கடையில் ஆளில்லாத மதியத்தில் அதைத் திரும்பப் படித்த முஸ்கானுக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெண் கதை முழுக்க ஒருமுறைகூட வாசலைப் பார்க்கவில்லை.

கைபேசியில் பழைய வாக்கியத்தை அழித்தாள். 'அவள் பொறுமையாக... ' அதையும் அழித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்: 'அவள் காத்திருக்கவில்லை. அவன் இல்லாத வீடு அவளுக்குப் பழகிவிட்டது. சோறு வைப்பது அக்கம்பக்கத்துக்காக.'

எழுதிய பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது.

3

சாயங்காலம் ஜீப்பில் குலுங்கி வந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜா முகம்மது உட்கார்ந்தான். அவளே கைபேசியை நீட்டினாள்.

"யாரப் பத்தி எழுதியிருக்க?"

"கதைல வர்றவளப் பத்தி."

"அவ காத்துக்கிட்டுத்தான இருக்கா? இல்லாட்டி எதுக்குச் சோறு எடுத்து வைக்கிறா?"

முஸ்கானுக்குச் சிரிப்பு வந்தது. மறுக்க ஒருவர் கிடைத்துவிட்டார்.

"வாசல ஒருதரமாச்சும் பாத்தாளான்னு காட்டுங்க."

அவன் புத்தகத்தை வாங்கினான். ஆறிப்போன டீயைக்கூடக் கவனிக்காமல் கடைசிவரை படித்தான். பிறகு முதலிலிருந்து பக்கங்களைப் புரட்டினான். அப்படி ஒரு வரி இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"நீ பாக்குறியா?"

4

கட்டுரை அந்த வாக்கியத்தோடே போனது. நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதில் சந்தேகமில்லை.

அவனுக்கு அவள் சொன்ன பதிலைத்தான் எழுத முடியவில்லை. "பாக்காம என்ன?" என்று எழுதினேன், முஸ்கான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. "முன்னாடி பாத்தேன்" என்று எழுதினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

இருவரும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கப்போகிறாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருக்கிறது, நான் கிளம்புகிறேன். நீங்கள் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.