மலை வாயப் பொளக்குதுங்க

இலங்கை மலையகத்தில் பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்திருப்பதை முதலில் பார்த்தவள் கொழுந்து பறிக்கும் சிவசக்தி. செய்தி எடுக்க வந்த டிவிக்காரரிடம், பயத்தில் குரல் கீச்சிட, "மலை வாயப் பொளக்குதுங்க, பொளக்குதுங்க" என்றாள்.

அதே தோட்டத்தில் பிறந்து பண்டாரவளையில் போன் கடை வைத்திருந்த ரமேஸ், அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் குத்துப்பாட்டுத் தாளம் சேர்த்து டிக்டொக்கில் ஏற்றினான். தன்னைப் பெரிய நகைச்சுவைக்காரன் என்று அவனுக்கு நினைப்பு. ஒருத்தியின் பயத்துக்கு மேளம் கட்ட மூளை எதற்கு? கல்யாண வீடுகளில் அதற்கு ஆடினார்கள். பதுளையில் ஒரு பேக்கரி அதையே பணிஸ் ரொட்டிக்கு விளம்பரமாக்கியது.

வெடிப்பைப் பற்றி முறையிட சிவசக்தி தோட்ட ஆபிசுக்குப் போனாள். அவள் பேசுமுன்பே கிளாக்கர் சிரித்துவிட்டார்.

ரமேஸிடம் போனாள். "தம்பி, அத எடுத்துருப்பா. நா சொல்றத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க."

"அக்கா, இப்ப உங்களத் தெரியாத ஆளே இல்ல. சந்தோசப்படுங்க."

கார்த்திகை மழையில் ஒரு பிற்பகல் வெடிப்பு அகன்றது. சிவசக்தி கதவு கதவாகத் தட்டினாள். உள்ளேயிருந்து அவள் குரலிலேயே கீச்சிட்டுக் காட்டினார்கள். நின்று கெஞ்ச நேரமில்லை. பக்கத்துக் காம்பராவுக்குள் நுழைந்து, அங்கே குடியிருந்த தனுஜாவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"எம்புள்ளய எங்கடி கொண்டு போற?" என்று தனுஜா பின்னால் ஓடினாள். சண்டை என்றதும் லயமே வெளியே வந்தது. ஆபத்து என்றபோது அசையாதவர்கள் வீடியோ எடுக்க மழையில் ஓடினார்கள். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மலை சரிந்தது. லயம் முழுதாக மண்ணுக்குள் போனது. ஒரு உயிரும் போகவில்லை. மலை சரிந்ததையும் வீடியோ எடுத்தார்கள்.

தனுஜா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சிவசக்தி ரோட்டில் நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள்.

எல்லோரும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மறுநாள் ரமேஸ் மைக்கோடு வந்தான். "அக்கா, நாட்டு மக்களுக்கு ஒரு வார்த்த."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று படம் பிடித்தான். 'பேச்சிழந்த வீரப்பெண்' என்று பெயர் வைத்து, சோக வயலின் சேர்த்து ஏற்றினான். லட்சக்கணக்கானோர் அழுகிற பொம்மை போட்டார்கள். ஏதோ சங்கம் அவனைச் சமூக சேவகன் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாய்கூட வரவில்லை.