அளவுக்கு வரைந்த பெண்

மிருகக்காட்சிசாலையைத் திருத்திக் கட்டி முடித்தபோது வரைபடத்தில் இருந்ததெல்லாம் அப்படியே வந்திருந்தது, வரைவாளரின் மனைவி உட்பட. அவள் ஒன்பது இடங்களில் நின்றாள். பாலைவனப் பகுதியில் ஒட்டகங்களுக்கு எதிரே ஒருத்தி, பனிப் பகுதியில் பெங்குவின் குளத்தருகே ஒருத்தி, ஆற்றங்கரையில் நீர்நாய்களைப் பார்த்தபடி ஒருத்தி, பாறைப் பகுதியில் கிழட்டுக் கரடிக்கு முன்னால் ஒருத்தி, மற்றவர்கள் மழைக்காட்டிலும் புல்வெளியிலும். எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிற மேலங்கி, இடது தோளில் ஒரே துணிப்பை. தடுப்புக் கம்பியில் கை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றதால் பாதையில் போகிறவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. திறப்பதற்கு முந்தின நாள் இயக்குநர் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு இதென்ன கூத்து என்று கேட்டார். காண்ட்ராக்டர் படத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார். படத்தில் இருந்தது, கட்டியிருக்கிறோம், ஒரு நூல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்றார். அவர் பேரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குற்றம் வரைவாளர் பேரில்தான். கட்டடப் படம் போடுகிறவர்கள் சுவரின் உயரம் பார்த்தவுடனே விளங்கட்டும் என்று பக்கத்தில் ஓர் ஆளை வரைந்து நிறுத்துவது வழக்கம். கூடவே படத்தின் ஓரத்தில், மனித உருவங்கள் அளவுக்காக மட்டும், கட்டுமானத்தில் சேராது என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் எழுதுவார்கள். வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லாப் படத்திலும் அந்த வரியை எழுதிவந்த மனிதர், இந்த ஒரு படத்தில் விட்டுவிட்டார். மறந்துபோனாரா, இல்லை எழுதக் கை வரவில்லையா என்பது அவருக்கே தெரியாது.

அவரை எல்லாரும் ஸ்கேல் என்றுதான் சொல்வார்கள். ரொட்டியைக்கூட ஓரம் பிசகாமல் நறுக்குகிற ஆள். வீட்டில் அவருடைய வேலை அறை ஒடுக்கமானது. ஜன்னலைப் பார்த்து மேசை, வாசலுக்கு முதுகு காட்டி நாற்காலி, அதற்குமேல் ஒரு பூனை நுழையத்தான் இடம். அவர் மனைவி சில நேரம் அந்த வாசலில் வந்து நிற்பாள். இதோ, ஒரு கோடுதான் என்று திரும்பாமலே சொல்வார் அவர். அந்தக் கோடு முடிந்து அடுத்த கோடும் முடிகிறபோது அவள் சமையலறைக்குப் போயிருப்பாள். ஏதோ எடுக்க வந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். கடைசியில் ஒரு நாள் வெளிக்கதவு கிறீச்சிட்ட சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தபோது, சாம்பல் நிற மேலங்கியும் துணிப்பையுமாக அவள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். அவர் பார்த்தது முதுகை மட்டும். சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் சமாதானம் பேசவாவது வழி இருந்திருக்கும்.

அவள் அரைநாள் பேருந்துப் பயணத் தூரத்தில் இருந்த தன் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். போய்க் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், தபால்காரர் சொன்னார், பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டரும் சொன்னார். கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்றார் அவர். அந்த வேலை முடிந்தது, இன்னொன்று வந்தது. இப்படியே வருடங்கள் ஓடின. ரொட்டியில் பாதி தினமும் காய்ந்துபோனது. பிறகுதான் மிருகக்காட்சிசாலை வேலை வந்தது.

அந்தக் காலத்து மிருகக்காட்சிசாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இரும்புக் கம்பிகளும் சிமெண்டுத் தரையும்தான். ஓநாய் ஓயாமல் நடந்து நடந்து தரையில் எட்டு வடிவத்தில் ஒரு தடம் பள்ளமாகவே விழுந்திருந்தது. கரடிக்கு விளையாட ஒரு டயர் கொடுத்திருந்தார்கள், அது ஒருநாளும் அதைச் சீண்டியதில்லை. வரைவாளர் ஒரு பருவம் முழுக்க ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தார். இயக்குநர் கேட்டதெல்லாம் பாலைவனம், பனி, மழைக்காடு என்று ஜனங்களுக்கு வேடிக்கை காட்டும் பகுதிகள். ஆனால் கண்ணை மூடிக் கரடியாகத் தன்னை நினைத்துப் பார்த்தபோது அவருக்கு முதலில் வேண்டியிருந்தது மரமும் இல்லை, குளமும் இல்லை. யார் கண்ணும் படாமல் ஒதுங்கி உட்கார ஓர் இடம். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் பின்னாலிருந்து வரைய ஆரம்பித்தார். முதலில் மறைவிடம், அதற்கு முன்னால் பாறையும் மரமும், அதற்கும் முன்னால் கம்பிகளுக்குப் பதிலாக அகழி. மறைவிடத்துக்கு எந்த அளவு கொடுப்பது என்று ரொம்பக் குழம்பவில்லை. தன் வேலை அறையை நாடா வைத்து அளந்து அதையே போட்டார். எல்லாம் முடிந்து, அகழிக்கு இந்தப் பக்கம் உயரம் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தபோது அவருக்குச் சரியாகத் தெரிந்த உயரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

திறந்த முதல் வாரம் கூட்டம் நெரிந்தது, மிருகங்கள்தான் இல்லை. எல்லாம் மறைவிடத்தில் போய்ச் சுருண்டுகொண்டன. காசு கொடுத்துப் பாறை பார்க்கவா வந்தோம் என்று ஜனங்கள் சத்தம் போட்டார்கள். மறைவிடங்களை அடைத்துவிடுங்கள் என்று இயக்குநர் சொன்னார். வெளியே வரவேண்டும் என்று அவையாகவே நினைக்கவேண்டும் என்றார் வரைவாளர். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் மனைவி கேட்டுச் சிரித்திருப்பாள், சொன்னது அவர். ஆனால் இரண்டாவது வாரம் அவை வெளியே வந்தன, அவள் நின்ற இடங்களுக்கு எதிரே மட்டும். ஓநாய் எட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு அகழி ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தது. கரடி முன்கால்களில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டு அப்படியே பார்த்தது. மிருகம் பார்க்க வேண்டுமானால் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்று காவலாளிகள் சொல்லப் பழகிக்கொண்டார்கள். இயக்குநரும் அதற்குமேல் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கூட்டுகிறவர்கள் அவள் காலைச் சுற்றிக் கூட்டினார்கள். மழை பெய்தால் யாராவது ஒரு குடையை அவள் கையில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

வரைவாளர் தினமும் சாயங்காலம் வந்தார். ஒன்பது பேரிடமும் போனார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார், இடப்பக்கம் போய்ப் பார்த்தார். பாதையில் எங்கே நின்று பார்த்தாலும் முதுகுதான். முகத்தை அவர் வரையவே இல்லையே, எங்கிருந்து வரும்? தொண்டையைச் செருமினார், இந்தாம்மா என்று கூப்பிட்டார். மேலங்கியின் முதுகுத் தையல்கூட அசையவில்லை. எதிரே கரடி சாவகாசமாக அவளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. கட்டின புருஷன் நான், கொடுத்துவைத்தது ஒரு கரடிக்கு என்று அவருக்கு வயிறு எரிந்தது. அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மனைவியின் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“உங்க மேல எனக்கு எக்கச்சக்கக் கோவம் இருக்கு, அதை அப்புறம் வச்சுக்கலாம். நாள் பூரா சும்மா உக்காந்திருக்கா, சாயங்காலம் பாத்தா காலு வீங்கிப் போவுது. கிட்ட போனா கரடி வாடை. கேட்டா, நின்னுக்கிட்டே இருக்கேன்க்காங்கிறா. அவ நிக்கிற எடத்துல உக்கார ஏதாவது போடுங்க.”

அவர் அன்றைக்கே ஒன்பது பெஞ்சுகள் வரைந்து கொடுத்தார். பெஞ்சுகள் வந்ததும் ஒன்பது பேரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த தடவை அக்கா கூப்பிட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வீக்கம் வடிந்துவிட்டது என்றார். அவள் என்ன சொல்கிறாள் என்று வரைவாளர் கேட்டார்.

“என்னத்தச் சொல்றா. பாத்துக்கிட்டே இருக்கா. எதைடி பாக்கிறன்னா, வருதான்னு பாக்கிறேங்கிறா. மிருகமெல்லாம் வந்துருச்சாம். இன்னும் ஒண்ணு பாக்கியாம்.”

எந்த மிருகம் பாக்கி என்று அவர் ராத்திரி முழுக்க யோசித்தார். கோடு போடுவதில் இருந்த கெட்டிக்காரத்தனம் இதில் இல்லை.

குளிர்காலத்தில் கிழட்டுக் கரடி செத்துப்போனது. வேறு கரடி கிடைக்கவில்லை. ஒன்றுமில்லாத பாறைக்கு முன்னால் அவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று வருகிறவர்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இயக்குநர் வரைவாளரைக் கூப்பிட்டு, மற்ற எட்டுப் பேர் இருக்கட்டும், இந்த ஒருத்தியைப் படத்திலிருந்து அழித்துவிடுங்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். வரைவாளர் படத்தை விரித்து ரப்பரை எடுத்தார். அவள் மேல் ரப்பரை வைக்க முடியவில்லை. அழித்தால் அங்கே அக்கா வீட்டில் அவளுக்கு என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. அதைவிட, அந்த முதுகும் இல்லாமல் போய்விட்டால் தனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று இருந்தது. உள்ளே சில அளவுகள் சரிபார்க்க வேண்டும், பிறகு அழிக்கிறேன் என்று சாக்குச் சொல்லி, கரடிக்காவலரிடம் சாவி வாங்கிக்கொண்டு பின்கதவு வழியாக மறைவிடத்துக்குள் போனார்.

உள்ளே போனதும் அவருக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. அதே நீளம், அதே அகலம். பின்சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது சுகமாகத்தான் இருந்தது, எப்போதும்போல. அப்புறம் கழுத்து வலித்ததால் திரும்பினார். மறைவிடத்தின் வாசல் வழியே, பாறைக்கும் அகழிக்கும் அப்பால், அவள் முகம் தெரிந்தது.

முன்னைக்கு இப்போது வயது கூடியிருந்தது. அதில் கோபம் இல்லை, துக்கமும் இல்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இனி வராது, கிளம்பலாம் என்று நினைத்தும் கிளம்பாதவர்களின் முகம் அது. அப்படி ஒரு முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அது எங்கே இருந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது. அவருடைய வேலை அறை வாசலில், அவர் முதுகுக்குப் பின்னால், அத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் அழுதார். பிறகு எழுந்து, குனிந்து, வெளியே வந்து அகழி ஓரத்தில் நின்றார். அவள் உதடுகள் அசைந்தன. நடுவில் அவரே வரைந்த அருவியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண் மூச்சு வாங்க ஓடிவந்து தடுப்புக் கம்பியருகே நின்று இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

“சார், உங்க மனைவியோட அக்கா போன்ல இருக்காங்க. வந்துட்டாரு, வந்துட்டாருன்னு அவங்க தங்கச்சி அழுவுறாங்களாம். நாளைக்கும் வருவீங்களான்னு கேக்கச் சொன்னாங்க.”

“வருவேன்னு சொல்லு” என்றார்.

அவர் சொன்னபடி வந்தார். சில நாட்களில் மேசையையே மறைவிடத்துக்குள் கொண்டுவந்து, வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். இயக்குநர் முதலில் முணுமுணுத்தார். பிறகு, காலி இடத்துக்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று, “வரைவாளர். பகலில் விழித்திருப்பார். உணவு கொடுக்க வேண்டாம்” என்று ஒரு பலகை மாட்டச் சொன்னார். வருகிறவர்கள் படித்துவிட்டுப் பார்த்தார்கள், பிறகு ஒட்டகம் பார்க்கப் போனார்கள். மற்ற எட்டு பெஞ்சுகளிலிருந்தும் ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விட்டார்கள், பார்க்கப் பாக்கி எதுவும் இல்லாததால். மிருகங்கள் வெளியே வரப் பழகிவிட்டதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரடி இடத்தில் இருந்தவள் மட்டும் இருந்தாள். இருவருக்கும் நடுவில் அகழி. கரடி தாண்ட முடியாத அகலம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வரைந்தவர் அவரேதான். இரண்டாவது வருடம் அவர் அதன்மேல் ஒரு சின்னப் பாலம் வரைந்து கொடுத்தார். காண்ட்ராக்டர் படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஆளே இல்லையே, உயரம் எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆள் தானாக வரட்டும் என்றார் வரைவாளர்.

பாலம் கட்டி முடிந்த மறுநாள் காலை அந்த பெஞ்சு காலியாக இருந்தது. அவர் சாப்பிடவில்லை. மதியப் பேருந்து வந்து சற்று நேரம் கழித்து, சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு பெண்மணி வாசலில் வரிசையில் நின்று முழுக் கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்கினாள். வழி கேட்கவில்லை. பாலத்தைக் கடந்து மறைவிடத்தின் வாசலில் வந்து நின்றாள். வரைவாளர் அப்போது பறவைகள் பகுதிக்கான சுற்றுச்சுவரை வரைந்துகொண்டிருந்தார். பென்சிலைக் கோட்டின் நடுவிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்தப் படத்தை அவர் திரும்ப எடுக்கவில்லை, அப்படியே காண்ட்ராக்டருக்குப் போயிற்று. இன்றைக்கும் பறவைகள் பகுதியில் அந்தச் சுவர் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. மயில்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் வருகின்றன. படத்தில் அவ்வளவுதான் இருந்தது.