போனவரை வரவேற்றவள்

போன் கம்பெனியை விட்டு ஓடப் பார்க்கும் வாடிக்கையாளர்களைப் பேசியே இழுத்துப் பிடிப்பதுதான் அவள் வேலை. அதற்காகவே ஒன்பது வருடமாகப் போட்டிக் கம்பெனியை வாய் வலிக்கத் திட்டியிருக்கிறாள். போன மாதம் அந்தப் போட்டிக் கம்பெனியே இவர்களை விலைக்கு வாங்கிவிட்டது. விளம்பரத்துக்குப் பெயர் மட்டும் இரண்டு. டவர் ஒன்று, ஆட்களும் ஒன்று. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கழுத்தில் தொங்க இன்னொரு அடையாள அட்டை.

அன்று காலை ஒரு தையல்காரர் கொதித்துப்போய்க் கூப்பிட்டார்.

"இடுப்பளவு முப்பத்தின்னு ஆரம்பிக்கிறப்பவே லைன் கட்டாகுதும்மா. மிச்சத்துக்கு நான் ஜோசியமா பார்க்கிறது? அந்தக் கம்பெனிக்கே போறேன்."

"அங்க சிக்னலே கிடைக்காது சார்" என்றாள் பழக்கதோஷத்தில். அவர் காதிலேயே வாங்கவில்லை.

நாலாம் நாள் மேலாளர் வாயெல்லாம் பல்லாக ஒரு பட்டியலை நீட்டினார். "எல்லாம் புது வாடிக்கையாளர்ங்க. கூட்டம் எப்படி வந்து குவியுது பாருங்க! நீங்களே கூப்பிட்டு வரவேற்றுடுங்க."

முதல் பெயரே தையல்காரர்தான்.

"நல்லவேளை தப்பிச்சேம்மா" என்றார் அவர், குரலில் தேன் ஒழுக. "அங்க ஒரு அம்மா என்னை விடவே மாட்டேன்னுட்டாங்க. நீங்க எவ்வளவு தன்மையா பேசறீங்க! அவங்க மறுபடியும் என்னைத் தேடி வந்துட மாட்டாங்களே?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இனிமே தேடவே மாட்டாங்க சார். நீங்க நிம்மதியா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டானது.