ஒரு காதுக்கு ஒரு பக்கம்

பெரிய தொட்டியின் கண்ணாடியை உள்ளே இறங்கி மெருகேற்றும் வேலையை அக்கா கேட்டு வாங்கினாள். வாங்கியதோடு நிற்காமல், மேலாளரின் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க ஆளுங்கள்ல ஒரு காதுகூடக் கெடாது சார்" என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

சிரித்தவர்களுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. அந்த மீன்காட்சியகத்தில் போன முறை இதே வேலையைத் தொடங்கியவர்களின் காதுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பானது. ஆமையும் திருக்கையும் உண்பதும் கழிப்பதும் அதற்குள்தான். நாளெல்லாம் அதில் ஊறினால் காதுக்குள் தோல் நைந்துவிடும்; நைந்த இடத்தில் கிருமி குடியேறும். முதலில் ஒருவன் படுத்தான். அவன் முறையையும் சேர்த்து மற்றவர்கள் முங்கினார்கள். அவர்கள் காதுகள் காய நேரமில்லாமல் போனது, அவர்களும் படுத்தார்கள். கண்ணாடி பாதி பளபளப்பும் பாதி கீறலுமாக நின்றது. பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பக்கம் சுறா தெரிந்தது, மறுபக்கம் மூடுபனி தெரிந்தது.

"கூடத்தை மறுபடி திறக்கறதுக்கு நாள் குறிச்சாச்சு. இந்த முறையும் நின்னுச்சுன்னா தொட்டி வேலை மொத்தத்தையும் வெளி கம்பெனிக்குக் குடுத்துடுவேன், அக்கா. அப்புறம் எனக்கு உங்க குழுவே தேவைப்படாது" என்றார் மேலாளர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் அவளைவிட மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். குழுவில் அவளுடைய சொந்தத் தம்பி இருந்தான்; அவன் கூப்பிட்டதைக் கட்டடமே பிடித்துக்கொண்டது. தம்பியோடு அவன் மனைவியும் முங்கினாள். துடுப்புக் காலணியை மாட்டிக்கொண்டு நடக்கும் அழகினால் அவளுக்கு வாத்து என்று பெயர். மூன்றாமவன் தாடி. முகமூடிக்குள் தண்ணீர் கசிகிறது என்று அவன் தாடியை எப்போதோ மழித்துவிட்டான். பெயரை மட்டும் யாரும் மழிக்கவில்லை.

மூவரில் இருவர் தண்ணீருக்குள். ஒருவர் வெளியே, காதைக் காயவைத்துக்கொண்டு. அக்கா தொட்டியின் விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. இதுதான் ஏற்பாடு. தண்ணீருக்குள் போகிறவர்களைவிட வெளியே உட்காருகிறவர்தான் இந்த வேலையின் அச்சாணி என்று அவள் சொன்னபோது தாடி உடனே கையைத் தூக்கினான்.

"அப்ப நான் அச்சாணியாவே இருந்துடறேன் அக்கா."

"உனக்கு அச்சாணி இல்லடா, முட்டுக்கட்டைதான் பொருத்தம்" என்றாள் வாத்து.

வேலை தொடங்குவதற்கு முன்பே தன்னையும் சேர்த்து நால்வரையும் அக்கா காது டாக்டரிடம் வரிசையாக உட்காரவைத்தாள். யார் காதிலும் சவ்வில் ஓட்டையில்லை என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் சொட்டுமருந்து வந்தது. பாதி வினிகர், பாதி ஸ்பிரிட். முங்கி எழுந்ததும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டு, பிறகு இந்தச் சொட்டை விட வேண்டும். விட்டவுடன் எழுந்துவிடக் கூடாது. மருந்து உள்ளே நின்று வேலை செய்ய வேண்டும்.

கழிப்பறை அலமாரியில் இருந்த பஞ்சுக்குச்சி டப்பாவை அக்கா முதல் நாளே எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"ஐயோ அண்ணி, அழுக்கு சேராதா?" என்றாள் வாத்து.

"அது அழுக்கு இல்லம்மா. மழைக்கோட்டு. தண்ணி தோல்ல ஒட்டாம வழுக்கி ஓடுறதுக்காகக் காது தானே பூசிக்கிற மெழுகு. அதைச் சுரண்டிட்டு நாம தண்ணிக்குள்ள போறது, கோட்டைக் கழட்டிட்டு மழையில நிக்கிற மாதிரி."

மருந்தோடு அசையாமல் படுத்திருப்பதுதான் யாருக்கும் முடியவில்லை. தம்பிக்கு அரை நிமிஷத்தில் கால் ஆட ஆரம்பித்துவிடும். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய பையில் எப்போதும் ஒரு நாவல் கிடக்கும். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தின் கதை. கணவனை இழந்த ஒருத்தி சுவர்க்கடிகாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு உறைந்த ஏரியைக் கடக்கிறாள்; அக்கரையில் அதை வாங்கிக்கொள்ள ஒருவன் காத்திருக்கிறான். ஒரு காதுக்கு ஒரு பக்கம் என்று கணக்கு. வலது காதில் மருந்து விட்டு ஒரு பக்கம் வாசிப்பாள். திரும்பிப் படுத்ததும் இடது காதுக்கு அடுத்த பக்கம். கேட்பவர்களுக்கு ஒரு காதில் மருந்து, இன்னொரு காது பெஞ்சின் துண்டில் அழுந்தியிருக்கும். அதனால் கத்தித்தான் வாசிக்க வேண்டும்.

மேலாளர் முதன்முதலாகப் பின்னறைக்கு வந்த நேரத்தில், ரப்பர் உடுப்போடு இரண்டு பேர் பெஞ்சுகளில் ஒருக்களித்துக் கிடந்தார்கள். நடுவில் அக்கா நின்று, "அவன் அவளுடைய குளிர்ந்த விரல்களைத் தன் உதடுகளால் சூடாக்கினான்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"வேலை நடக்குதா?" என்றார் அவர்.

"இதுதான் சார் வேலை. கண்ணாடி தேய்க்கிறது மிச்ச நேரத்துல."

அவர் போன பிறகும் தாடி அசையவில்லை. "அந்த விரல் விஷயத்தை இன்னொரு தடவை படிங்க அக்கா. மருந்து இன்னும் இறங்கல."

காலையில் வேலைக்கு இறங்குவதற்கு முன் ஒரு சோதனை இருந்தது. அக்கா ஒவ்வொருவரின் காது மடலையும் பிடித்து இழுப்பாள். காது ஓட்டையின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தை அழுத்துவாள். உள்ளே புண் தொடங்கியிருந்தால் அங்கேதான் முதலில் வலிக்கும். புண் இல்லாதவனுக்கு வலியும் இல்லை. ஆனால் தம்பிக்கு எதையும் சும்மா விட முடியாது. அவள் கை கிட்டே வரும்போதே, "ஐயோ! அம்மா! கொல்றாளே!" என்று அலறுவான். குழாய் அறையில் இருக்கும் இயந்திரக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அடுத்து தாடி அலறுவான். வாத்தும் ஒரு மாதிரி ராகமாக அலறுவாள். நாளடைவில் அது வேலை தொடங்கும் சங்கு போல ஆகிவிட்டது. அக்காவும் சிரித்துக்கொண்டே, "கத்துங்கடா, தொண்டைக்காவது பயிற்சி" என்பாள்.

கண்ணாடியில் மூடுபனி நாளுக்கு நாள் ஒதுங்கியது. முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு மென்மையானது, பிறகு அதைவிட மென்மையானது என்று ஒவ்வொரு சதுரத்தையும் தேய்த்துக்கொண்டே போனார்கள். கண்ணாடி என்று எல்லோரும் சொன்னாலும் அது ஓர் ஆள் தடிமனுள்ள பிளாஸ்டிக். கிழட்டு ஆமை முதுகை உரசினாலே கீறிக்கொள்ளும். தேய்த்து முடித்த இடத்துக்கே ஆமை வந்து நிற்கும். வாத்து அதன் ஓட்டைப் பிடித்து, கதவை ஒருக்களிப்பது போல மெல்லத் திருப்பிவிடுவாள்.

முக்கால் கண்ணாடி தெளிந்திருந்த ஒரு காலையில் தம்பி அலறவில்லை.

அக்கா மடலை இழுத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ம், சரி, போகலாமா?" என்றான்.

அவள் விடவில்லை. "ஏன்டா கத்தல?"

"தினமும் கத்தணுமா? சின்னப் புள்ளையா நான்?"

"நேத்து வரைக்கும் சின்னப் புள்ளைதான்."

குருத்தை அழுத்தினாள். சத்தம் வரவில்லை; ஆனால் அவன் கண்ணில் குபுக்கென்று நீர் முட்டியது. வாத்து கையிலிருந்த துடுப்புக் காலணியைக் கீழே வைத்தாள்.

"ராத்திரியெல்லாம் ஒரே பக்கமா படுத்தே இருந்தார் அண்ணி. கேட்டா, சுவத்தைப் பாத்தா தூக்கம் வருதுன்னார்."

"எத்தனை நாளாடா?"

"அரிச்சுது. அரிப்புதான். லேசா ஒரு சொரி சொரிஞ்சேன்."

"எதை வச்சு?"

பெஞ்சில் கிடந்த கருவிப்பையை அவள் கண் தேடிப்போனதும் அவன் கண் வேறு பக்கம் திரும்பியது. அதுவே பதில். மூச்சுக்காற்றுச் சிலிண்டரின் வாயில் உட்காரும் ரப்பர் வளையத்தை நெம்பி எடுப்பதற்கென்று ஒவ்வொருவரிடமும் ஒரு பித்தளைக் குச்சி இருக்கும். மெலிந்த கழுத்து, முனையில் சின்ன வளைவு. பஞ்சுக்குச்சியை ஒழித்த அக்கா இதை நினைத்துப் பார்க்கவில்லை. முக்குளிப்பவனைத் தவிர வேறு யாரும் இதைக் காதுக்குள் விட மாட்டார்கள். முக்குளிப்பவன் கையில் இது வாட்டமாக இருக்கும்.

"ரப்பர் வளையம் கிடைச்சுதாடா உள்ள?" என்றான் தாடி. யாரும் சிரிக்காததால் அவனே நிறுத்திக்கொண்டான்.

"ரெண்டு சொட்டு கூட விட்டா சரியாயிடும் அக்கா" என்றான் தம்பி. "இன்னைக்கு நான் உக்காந்தா எல்லாம் கெட்டுடும். நீ அந்த ஆளுகிட்ட என்ன சொல்லிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியும்."

"அந்த மருந்து வராம காக்கிறதுக்கு. வந்த புண்ணுல விட்டா எரிஞ்சு துள்ளுவ. உடுப்பைக் கழட்டு."

"அக்கா..."

"நான் சொன்ன வார்த்தையை நான் பாத்துக்கறேன். உன் காதை எனக்குப் பாத்துக்கத் தெரியும். கழட்டுடா."

காது டாக்டர் குழாய் விளக்கால் பார்த்தார். வாசலருகில் கீறியிருக்கிறது, சுற்றிலும் வீங்கியிருக்கிறது, சவ்வு நன்றாக இருக்கிறது என்றார். வேறு மருந்து எழுதினார். நான் சொல்லும்வரை ஒரு துளி தண்ணீர் படக்கூடாது என்றும் சொன்னார். "இன்னும் ரெண்டு முறை முங்கிட்டு வந்திருந்தா கண்ணாடிக்குப் பதிலா உங்களைத்தான் தேய்க்க வேண்டியிருந்திருக்கும்" என்றபோது தம்பி மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மேலாளரிடம் யாரும் போய்ச் சொல்வதற்கு முன் அக்காவே போனாள்.

"ஒரு காது கெட்டுடுச்சு சார்."

அவர் பேனாவை மூடினார். "ஒண்ணுகூடக் கெடாதுன்னீங்க."

"சொன்னேன். தப்பு. வர்றதை எல்லாம் தடுப்பேன்னு சொல்லியிருக்கக் கூடாது. வந்தா அன்னைக்கே பிடிப்பேன்னு சொல்லியிருக்கணும். பிடிச்சுட்டேன்."

"அப்ப மிச்சம் ரெண்டு பேர். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் ஓயாம முங்குவாங்க, அடுத்த வாரம் அவங்களும் படுப்பாங்க. நான் அந்தக் கம்பெனிக்கு இப்பவே பேசிடட்டுமா? திறப்புக்கு ஆளுங்க வந்து நிக்கறப்ப என்னால ஏமாத்த முடியாது."

"மிச்சம் மூணு பேர் சார். நான் இறங்கறேன். என் காது போன மாசம் பாத்தது, நல்லா இருக்கு. தம்பி கயிறு பிடிப்பான். கயிறு பிடிக்கக் காது நனைய வேண்டியதில்ல. யாருக்கும் முறை அதிகமாகாது, யாருக்கும் காயிற நேரம் குறையாது."

"நீங்க தலைவி. மேல இருக்கணும்."

"தலைவின்னா தலை தண்ணிக்கு மேல இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

மேலாளர் கைபேசியை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், முகம் கீழாக மேஜைமேல் வைத்தார். "திறப்பு அன்னைக்குக் காலையில நானே வெளிய நின்னு பார்ப்பேன். ஒரு கறை இருந்தாலும்..."

"நில்லுங்க சார். நல்லா வெளிச்சம் போட்டுட்டு நில்லுங்க."

பெஞ்சில் ஒருக்களித்துக் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மருந்து குளிர்ச்சியாக இறங்கியதும் உலகம் முழுக்கத் தொலைவில் போய்விடுகிறது, கழுத்து பிடிக்கிறது, மூக்கு வேண்டுமென்றே அரிக்கிறது. தம்பி வாசித்தான். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதற்கும் நிற்காமல், பேருந்து நிறுத்தங்களை அறிவிப்பது போல வாசித்தான்.

"உணர்ச்சியா படிடா!" என்று கத்தினாள் அவள்.

"அவ ஏரியில நடக்கறா. கால் வழுக்குது. இதுல என்ன உணர்ச்சி?"

காலைச் சோதனையில் இனி யாரும் விளையாட்டுக்கு அலறக் கூடாது என்று சட்டம் வந்தது. பித்தளைக் குச்சிகள் நான்கும் விளிம்பில் ஒரே ஆணியில், தம்பியின் கண்ணெதிரே தொங்கின. வேண்டியவர்கள் அவனிடம் கேட்டு வாங்கி அவனிடமே கொடுக்க வேண்டும். குச்சி வாங்க வருகிறவர்களின் காதை அவன் சந்தேகத்தோடு பார்ப்பது வாத்துக்குப் பொறுக்கவில்லை. "திருடன் கையில சாவி குடுத்தா இப்படித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் குதிப்பாள்.

யார் காதும் பிறகு வலிக்கவில்லை. டாக்டர் தம்பியின் காதைப் பார்த்துத் தலையாட்டியபோது மிச்சம் கடைசி வரிசைச் சதுரங்கள்தான். அவனை இறக்கிவிடலாம் என்றான் தாடி. அக்கா ஒப்பவில்லை. இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றாள்.

திறப்பு நாள் காலையில் கூடம் காலியாக இருந்தது. எல்லா விளக்குகளும் எரிந்தன. அக்கா உள்ளே இருந்தாள். மேலே, கயிறு தம்பியின் கையில். மேலாளர் வெளியே கண்ணாடியை ஒட்டி, ஒவ்வொரு சதுரமாக, புத்தகம் வாசிப்பவர் போலக் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் மறுபக்கத்தில் அவரோடு கூடவே நகர்ந்தாள். முன்பு மூடுபனி இருந்த இடத்தில் அவர் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிந்தது.

அவர் நின்றார். கண்ணாடியில் ஓர் இடத்தை விரலால் தட்டினார். ஒரு மங்கல்.

அவள் துணியால் தேய்த்தாள். அவர் தலையை ஆட்டினார்: போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அவர் மறுபடியும் தட்டினார். அக்கா முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை இடுப்பில் செருகிவிட்டு, சுட்டுவிரலை நீட்டி, அவரைக் காட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் மறுபடியும் காட்டினாள்: உங்கள் பக்கம்.

மேலாளர் சட்டைக் கையை உள்ளங்கைக்கு இழுத்துக்கொண்டு துடைத்தார். மங்கல் போய்விட்டது. கையைத் திருப்பி அந்த அழுக்கைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து உதறி, அடுத்த சதுரத்தைத் தன் பக்கத்தில் துடைத்துக்கொண்டே நகர்ந்தார். அக்கா தன் பக்கத்தில் அவரோடு நீந்திக்கொண்டே போனாள்.