பதினாறரை மணி நேரம்

ஐயப்பன்தாங்கல் டெப்போவில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டும் ஃபெலிக்ஸுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. சொன்ன நேரத்துக்கு வண்டி போய்ச் சேரும். பூந்தமல்லி நெரிசலிலேயே சேரும்போது ஆகாயத்தில் யார் குறுக்கே வரப்போகிறார்கள்? அந்தத் தலைக்கனம்தான் அவனைக் கவிழ்த்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா ஆரோக்கியம்மாள் இறந்துபோனாள். டொரண்டோவில் நர்ஸாக இருக்கும் தங்கை ரெனிதா போனில் கதறினாள்.

"நம்மூர் டைமுக்கு இன்னிக்கு ராத்திரி ஏழரைக்கு ஃபிளைட்டுண்ணா. நான் முத்தம் குடுக்காம பெட்டிய மூடிராதீங்க."

"மூட மாட்டேம்மா. நீ வா."

ஃபெலிக்ஸ் போனில் தேடிப் பார்த்தான். சென்னைக்கும் டொரண்டோவுக்கும் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாறரை மணி என்று வந்தது. ஏழரையோடு கூட்டினால் சனி மதியம் பன்னிரண்டு. நாலு மணிக்கு அடக்கம் என்று ஃபாதரிடம் சொல்லி, போஸ்டரும் அடித்துவிட்டான். அது நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் போட்ட கணக்கு. நடுவில் ஓரிடத்தில் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் ஏற வேண்டும் என்பது விமானமே ஏறாதவனுக்கு எங்கே தெரியும்? தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு அவள் தோஹாவிலிருந்து கூப்பிட்டாள். அடுத்த விமானம் ராத்திரிதானாம். சென்னையில் இறங்க ஞாயிறு விடிகாலை ஐந்தாகுமாம்.

"அம்மாவ வெச்சிருங்கண்ணா."

"சரிம்மா" என்றான்.

மதியம் ஃபாதர் வந்தார். "தங்கச்சி வந்தாச்சா? நாளைக்கு ஞாயிறு, அடக்கம் கிடையாது. வேணும்னா திங்கக்கிழமை வெச்சுக்கலாம், ஃபெலிக்ஸ்."

வாசலில் டெப்போ ஆட்கள் காக்கிச் சட்டையோடு நின்றார்கள். செங்கல்பட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். குழியும் வெட்டியாயிற்று. கணக்கு தப்பிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால் அது வாயில் வரவில்லை.

"வெயிட் பண்ண வேணாம்னு அதுவே சொல்ட்ச்சு ஃபாதர்."

சொல்லிவிட்டு போனை அணைத்தான். நாலு மணிக்கு எல்லோரும் அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார்கள். தங்கைக்காக இன்னொன்று கொடுக்கலாமா என்று குனிந்தவன், வெட்கப்பட்டு விலகிக்கொண்டான். பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ரெனிதா சென்னீர்குப்பம் வீட்டில் வந்து இறங்கினாள். கூடத்தில் ஐஸ்பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீயே வேணான்னு சொல்ட்டியாமேடி! பெத்தவ மூஞ்ச பாக்கக்கூட உனுக்கு மன்சு வர்லியா?"

ஃபெலிக்ஸ் சுவரோடு ஒட்டி நின்றான். ரெனிதா அவனையே பார்த்தாள்.

"ஆமா சித்தி" என்றாள். "நான்தான் சொன்னேன். கல்லறைக்கு எவ்ளோ தூரம்?"

"நடந்தா பத்து நிமிஷம்" என்றான் ஃபெலிக்ஸ்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியை அவளிடம் மறுபடி கேட்டாள்.