இரண்டாம் குழல்

சவப்பெட்டியின் மேல் விரிப்பதற்காக அப்பாவின் கம்பளிக் கோட்டைத் தூசி துடைத்துக்கொண்டிருந்த ரோஸ்வித்தாவின் கையில் உள்பையின் கனம் தட்டுப்பட்டது. தோட்டாப் பெட்டி. அப்பாவுடையதன்று, அவர் சுட்ட தோட்டாவின் அளவு வேறு. திறந்து பார்த்தாள். மூடித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, காலரில் ஒட்டியிருந்த ஊசியிலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அடக்கத்தின்போது வேட்டைக் கழகத்தார் வரிசையாக வந்து, ஆளுக்கொரு ஊசியிலைக் கொப்பைக் குழிக்குள் போட்டார்கள். கொம்பு ஊதி முடிந்ததும் கழகத் தலைவர் லாம்பெர்ட் பேசினார். ரோஸ்வித்தாவின் அப்பா கிலியனுக்குத் தம்பி அவர்.

"மாத்துக்குழல் துப்பாக்கிதான் எங்கண்ணனக் கொன்னுச்சு" என்றார்.

தொப்பிகள் ஆமோதித்து அசைந்தன.

நடந்தது வேறு. அக்டோபர் கடைசியில் லாம்பெர்ட் தம் துப்பாக்கியின் பழைய குழலைக் கழற்றி, அதே கைப்பிடிக் கட்டையில் புதிய இரண்டாம் குழலை மாட்டினார்; இப்படிக் குழல் மாற்றக்கூடியதே மாத்துக்குழல் துப்பாக்கி. அன்று காலையே ஓர் ஆண்மானைச் சுட்டார். தோட்டா வயிற்றில் பட்டது, மான் ஓடிவிட்டது. காயம்பட்ட விலங்கைத் தேடி முடித்துவைப்பது சுட்டவனின் கடமை. லாம்பெர்ட்டுக்கோ வியன்னாவிலிருந்து விருந்தாளிகள். அவருக்குப் பதிலாக எழுபத்தொரு வயதுக் கிலியன் கிளம்பினார். அவருடைய துப்பாக்கி அப்போது பட்டறையில் இருந்தது. தம்பியின் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு, நாயோடும் மகளோடும் இரண்டு நாள் ஈரப்பனியில் இரத்தத் தடம் பார்த்து நடந்தார். மான் ஓடைக்குள் செத்துக் கிடந்தது, சுட வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கி திரும்பிப் போனது. பெட்டி கோட்டிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து விடுதியில் மாட்டிறைச்சி சூப் பரிமாறினார்கள். ஃபெர்லாக்கிலிருந்து வந்திருந்த துப்பாக்கி செய்பவர் ஒட்மாரை லாம்பெர்ட் தம் எதிரே உட்காரவைத்தார்.

"ஒட்மார், அண்ணன் சொல்லிவச்ச ரெண்டாவது குழல் வேணாம். நிறுத்திரு."

"கனத்த குழல் தனக்கு, லேசானது பொண்ணுக்கு, கட்டை ஒண்ணு போதும்னாரே."

"அவரே போயிட்டாரு. யாருக்குச் செய்யப் போற?"

மேசைக் கோடியிலிருந்து கிழவர் எங்கெல்பெர்ட் குரல் கொடுத்தார். "ரெண்டு குழல் வச்சிருக்கறவனும் ரெண்டு பொண்டாட்டி கட்டினவனும் ஒண்ணு. எந்த வீட்ல சட்டைய விட்டோம்னே தெரியாது!"

சிரித்தார்கள். கறுப்பு உடைக்கு ஏற்ற அளவில்.

"மரைய முடுக்கறதுல ஒரு நூல் தப்பினா, குறி ஒரு சாண் தப்பும்" என்றார் லாம்பெர்ட். "பொம்பளப் பிள்ள இதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்குமா? அடுத்த கூட்டத்துல மாத்துக்குழலுக்கே கழகத்துல தடை போட்டுடறேன்."

ரோஸ்வித்தா பதினோரு ஆண்டுகளாக வேட்டை உரிமம் வைத்திருப்பவள். அவளைப் பார்க்காமலே அவளைப் பற்றிப் பேச அவர்களால் முடிந்தது. உண்மையில், இரண்டாம் குழல் வேண்டுமா என்று அவளே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கட்டையும் விசையும் ஒன்றே என்றால் கைக்குப் பழக்கம் மாறாது, அது சரி. ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்தாக வேண்டும். சோம்பினால், அதற்கான வலி விலங்குக்கு. அப்பாவும் அவளும் இதை மூன்று ஞாயிறுகள் விவாதித்திருந்தார்கள்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, குழல மாத்தினா எத்தன தடவ சுட்டுப் பாக்கணும்?"

"குறைஞ்சது மூணு. இது தெரியாமத்தான் உனக்கு ரெண்டு குழலா?"

"அன்னைக்கி நீங்க பாத்தீங்களா?"

"என்ன கேள்வி இது? மூணு என்ன, அஞ்சு சுட்டேன். எல்லாம் நடுவுலதான் பட்டுச்சு. அப்புறந்தான் குழல் ஏமாத்திருச்சு."

அவள் கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அவருடைய சூப் தட்டின் அருகே வைத்தாள்.

ஒட்மார் எட்டிப் பார்த்தார். "நான் குழலோட குடுத்த ஒரே பெட்டியாச்சே. அப்ப முத்திர பிரிக்காம, முழுசா இருபது இருந்துச்சு. இந்த அளவு தோட்டா இந்தப் பள்ளத்தாக்குல வேற யார்கிட்டயும் கிடையாது" என்றார்.

அவள் மூடியைத் திறந்தாள்.

"எண்ணுங்க சித்தப்பா."

எண்ண வேண்டியிருக்கவில்லை. இருபது குழிகள்; காலியாக இருந்தது ஒன்றே ஒன்று, மானின் வயிற்றில் பாய்ந்தது.

தேடிப் போன இரண்டு நாளும் அப்பா இந்தப் பெட்டியிலிருந்துதான் தோட்டாவை எடுத்துத் திணித்தார். இதிலேயே திரும்ப வைத்தார்; ஒன்றுதான் குறைகிறது என்பது அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அத்தனை நாள் படுத்திருந்தும் தம்பியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதை நினைத்தபோது ரோஸ்வித்தாவுக்கு அவர்மீதும் கோபம் வந்தது.

"ஒட்மார் அண்ணே, ரெண்டு குழலும் செய்யுங்க. கனத்ததும் எனக்குத்தான்."

ஒட்மார் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, காகிதம் தேடி, கைத்துடைப்புத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். எங்கெல்பெர்ட் தம் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணிப்பெண் தட்டுகளை எடுக்க வந்தாள். திறந்து கிடந்த பெட்டி யாருடையது என்று கேட்டாள். பிறகு அதை நகர்த்தாமல், சுற்றிலும் துடைத்துவிட்டுப் போனாள்.